பலகையை விளிம்பில் பார்க்க வேண்டும்: பிளைவுட் முதல் பார்ட்டிகிள் போர்டு வரை

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுச் சமையலறையில் சிங்குக்குக் கீழே இருந்த அலமாரியைக் கழற்ற வேண்டி வந்தது. கதவிலும் தட்டிலும் ஒட்டியிருந்த மெல்லிய மேலுறையான லேமினேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. துடைத்துவிட்டால் புதிதென்று சொல்லிவிடலாம். ஆனால் அடித்தட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, சுவரையொட்டி இருந்த பின்விளிம்பு முழுவதும் ஊதிப்போய், மேல் லேமினேட்டையும் கீழ் லேமினேட்டையும் விலக்கிக்கொண்டு பிதுங்கி நின்றது. வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தேன். தட்டின் முன்பக்கம் 18 மில்லிமீட்டர், பின்விளிம்பில் 23. கட்டைவிரலால் அழுத்தியதும் ஈரமான மரத்தூள் உதிர்ந்தது. குழாய் இணைப்பிலிருந்து சொட்டிய நீர் லேமினேட்டைத் தாண்டவே இல்லை. வெளியே தெரியாத இடம்தானே என்று, விளிம்பை மூடும் பட்டையான எட்ஜ் பேண்ட் ஒட்டாமல் விட்ட அந்த ஒரு விளிம்பின் வழியாகத்தான் உள்ளே போயிருந்தது.

அன்றிலிருந்து எந்தப் பலகையையும் நான் முதலில் விளிம்பில்தான் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தால் எல்லாப் பலகையும் ஒன்றுபோலவே இருக்கும், ஏனென்றால் முகத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒட்டப்பட்ட வெனீர் என்னும் மெல்லிய மரத்தகட்டையோ லேமினேட்டையோதான். உள்ளே இருப்பது மரத்தகடா, கட்டையா, நாரா, சீவலா என்பது விளிம்பில்தான் தெரியும். நீர் நுழைவதும், திருகாணி இறங்கும்போது பலகை பிளப்பதும், நடுவில் விட்ட வெற்றிடம் அம்பலமாவதும் அங்கேதான். வீட்டு வேலைகளுக்குப் பரவலாகப் பயன்படும் பலகைகளை, பல ஆண்டுகளாக அறுத்தும் இழைத்தும் பூட்டியும் பழகியவன் என்ற முறையில், அந்த விளிம்பை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

பிளைவுட்டிலிருந்து தொடங்குவதுதான் முறை. மரம் ஈரத்தை வாங்கி விரியும், காய்ந்தால் சுருங்கும்; ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. பச்சை மரம் முழுவதும் காயும்போது ரேகையின், அதாவது மரத்தின் நார் ஓடும் திசையின், நீளவாக்கில் ஏறத்தாழ 0.1 சதவீதம்தான் சுருங்குகிறது. ரேகைக்குக் குறுக்கே, ஆண்டு வளையங்களின் போக்கில், பல மரங்களில் அது 6 முதல் 10 சதவீதம் வரை போகிறது. அகலமான ஒற்றைப் பலகை கோடையில் வெடிப்பதற்கும் மழைக்காலத்தில் சட்டத்தை முட்டுவதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம். மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றி, காகிதச் சுருளை விரிப்பதுபோல் தகடாக உரித்து, ஒன்றன் ரேகைக்கு அடுத்ததன் ரேகை குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டினால், விரிய முயலும் ஒவ்வொரு தகட்டையும் அதன் அண்டைத் தகடு இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மேல்முகமும் கீழ்முகமும் ஒரே திசையில் ரேகை ஓடி, இருபுறமும் இழுவிசை சமமாக இருக்க வேண்டும் என்பதால்தான் தகடுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாக இருக்கிறது. 1905இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நடந்த கண்காட்சியில் ஊசியிலை மரப் பிளைவுட் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது முதல் இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை.

ஆகவே பிளைவுட் வாங்கும்போது விளிம்பில் உட்கார்ந்து தகடுகளை எண்ண வேண்டும். 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் 13 தகடுகள் இருக்கும். அதே கனத்தில் தடித்த ஒன்பது தகடுகளோடும் பலகைகள் கிடைக்கின்றன. எண்ணிக்கை கூடினால் திசைக்குத் திசை வலிமை சமப்படுகிறது, பலகை நேராக நிற்கிறது. எண்ணிக்கையைவிட முக்கியமானது தகடுகள் ஒன்றையொன்று முட்டும் இடம். உள்தகடுகள் துண்டுதுண்டாகத்தான் அடுக்கப்படுகின்றன. இரண்டு துண்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டுப்போனால் விளிம்பில் கருப்பாக ஒரு பொந்து தெரியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் அந்த இடத்தில் ரேகை புடைத்து வளைந்திருக்கும். விளிம்பில் தெரிவது பலகையின் ஓரத்தில் இருக்கும் பொந்து மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒருமுறை நல்ல பலகை என்று நம்பி வாங்கியதை நடுவில் அறுத்தபோது, ரம்பத்தின் ஒலி சட்டென்று மாறியது. அறுத்த முகத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சுரங்கம் ஓடியது. அதன்மேல் கீல் வந்திருந்தால் திருகாணி காற்றைத்தான் பிடித்திருக்கும். இப்போதெல்லாம் பலகையைச் சாய்த்து நிறுத்தி, விரல்கணுவால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறேன். கெட்டியான இடமும் பொள்ளலான இடமும் தனித்தனியாக ஒலிக்கும், சில நாள் பழகினால் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்தது பசை. உள்வேலைக்கான பிளைவுட்டில் யூரியா பார்மால்டிஹைடு பசையும், ஈரம் படும் இடத்துக்கானதில் மெலமைன் கலந்த பசையோ பீனால் பார்மால்டிஹைடு பசையோ இருக்கும். பீனால் பசை அடர்பழுப்பு நிறம், எனவே விளிம்பில் தகடுகளுக்கிடையே மெல்லிய கருங்கோடுகளாகத் தெரியும். யூரியா பசை வெளிறிய நிறம். ஆனால் பசையில் சாயம் கலப்பது கடினமல்ல என்பதால் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. நான் செய்யும் சோதனை எளியது. பலகையிலிருந்து தீப்பெட்டி அளவு துண்டு ஒன்றை அறுத்து, நீரில் மூழ்க வைத்துச் சில மணி நேரம் கொதிக்க விடுகிறேன். யூரியா பசையானால் தகடுகள் புத்தகத்தின் பக்கங்கள்போல் விரிந்துகொள்ளும். நல்ல பீனால் பசையானால் துண்டு ஊறிக் கனத்து வெளியே வரும், ஆனால் தகடுகளுக்கிடையே கத்திமுனையை நுழைக்க முடியாது. முறையான சோதனைக்கூடங்களில் உயர்தர ஒட்டை 72 மணி நேரம்வரை கொதிநீரில் வைத்துப் பார்ப்பதுண்டு. வீட்டில் அவ்வளவு தேவையில்லை, மோசமான பசை தன்னை அதற்கு வெகு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். கொதிநீர் தாங்கும் பலகை என்றால் தண்ணீரில் கெடாத பலகை என்று பொருளல்ல. கெடாதது பசை மட்டுமே. மரத்தகடு மரத்தகடாகவே இருக்கிறது. விடாமல் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்து மக்கும், கறையானும் அரிக்கும். பசைக்கோடுகள் அப்படியே நிற்க, இடையிலிருந்த மரம் மக்கி உதிர்ந்துபோன பலகையை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிரான மருந்து மரத்தில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதைத் தனியாகவே கேட்க வேண்டும்.

பிளாக் போர்டு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டிய ஒன்று மிக முக்கியம். இரண்டு பக்கமும் வெனீர் ஒட்டி, நடுவில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் அகலமுள்ள மரக்கட்டைகளை நீளவாக்கில் வரிசையாக அடுக்கிச் செய்யும் பலகை இது. நீளமான கதவுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இந்த வரிசையில் வேறில்லை. ஆள் உயர அலமாரிக் கதவைப் பிளைவுட்டில் செய்தால் உள்தகடுகளில் ஏற்படும் இழுவிசை வேறுபாட்டால் நாளடைவில் முறுக்கிக்கொண்டு, மேல்மூலை சட்டத்தில் படிந்தால் கீழ்மூலை விலகி நிற்கக்கூடும். பிளாக் போர்டில் கட்டைகள் நீளவாக்கில் ஓடுவதால் கதவு நேராக நிற்கிறது, எடையும் குறைகிறது, கீல்களுக்கும் சுமை குறைகிறது. ஆனால் நீளத்தை அகலமாக மாற்றி அறுத்துவிட்டால் அந்தப் பலம் முழுவதும் போய்விடும். விளிம்பைப் பார்க்கும்போது, கட்டைகளின் தலைப்புகள் தெரியும் குட்டை விளிம்பைப் பாருங்கள். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே நாணயம் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தால் மறுபேச்சின்றி ஒதுக்கிவிடலாம்.

எம்.டி.எஃப். எனப்படும் நடுத்தர அடர்த்தி நார்ப்பலகை 1960களில் அமெரிக்காவில் வணிக உற்பத்திக்கு வந்தது. மரத்தை ஆவியில் வேகவைத்து, பஞ்சுபோல் நார்நாராகப் பிரித்து, பசை கலந்து சூட்டில் அழுத்துகிறார்கள். இதற்கு ரேகையே கிடையாது. அதுவே இதன் முழுப் பெருமையும் முழுக் குறையும். ரேகை இல்லாததால் எந்தத் திசையில் ரம்பத்தை ஓட்டினாலும் விளிம்பு சிராயின்றி வழவழவென்று வரும். குடையும் இயந்திரமான ரவுட்டரால் வளைவும் குடைவும் போட்டால் சோப்பில் செதுக்கியதுபோல் நிற்கும். பெயின்ட் அடித்த கதவுக்கு இதன் முகத்தைப்போல் சமதளம் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் முகத்தில் அடர்த்தியாக அழுந்தியிருக்கும் நார், விளிம்பின் நடுப்பகுதியில் தளர்ந்திருக்கிறது. அதனால் விளிம்பு பெயின்ட்டைப் பஞ்சுபோல் உறிஞ்சும். இரண்டு முறை பிரைமர் பூசி, இடையே உப்புத்தாள் தேய்த்தால்தான் முகத்தின் நிறமும் விளிம்பின் நிறமும் ஒன்றாக வரும். விளிம்பில் துளையிடாமல் திருகாணியை நேரே ஏற்றினால், நார்ப்படுகை இரண்டாகப் பிளந்து பலகை அங்கே புடைத்துக்கொள்ளும். திருகாணியின் நடுத்தண்டு அளவுக்கு முன்துளை போட்டு, மூலையிலிருந்து குறைந்தது 5 சென்டிமீட்டர் தள்ளி இறக்க வேண்டும்.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2440க்கு 1220 மில்லிமீட்டர் அளவுள்ள முழுத் தாள், 18 மில்லிமீட்டர் கனத்தில், எம்.டி.எஃப். என்றால் ஏறத்தாழ 40 கிலோ. பார்ட்டிகிள் போர்டு எனப்படும் துகள்பலகை 35 கிலோவை ஒட்டி வரும், பிளைவுட் மரத்தைப் பொறுத்து பெரும்பாலும் அதற்கும் சற்றுக் குறையும். தனியாளாக எம்.டி.எஃப். தாளை ரம்ப மேசைமேல் ஏற்ற முயல வேண்டாம். அறுக்கும்போது எழும் தூள் மாவைவிட நுண்ணியது, நெடுநேரம் காற்றில் மிதப்பது. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் வேண்டும். இதில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை, என்னோடு வேலை செய்பவர்களையும் செய்ய விடுவதில்லை.

இனி, என் அலமாரியைக் கெடுத்த பார்ட்டிகிள் போர்டு. ஜெர்மானியரான மாக்ஸ் ஹிம்மெல்ஹேபரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தப் பலகை, மர ஆலையில் வீணாகும் சீவலையும் தூளையும் பலகையாக்க முடியும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். விளிம்பில் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும்: மேலும் கீழும் நுண்துகள், நடுவே பருத்த சீவல். அந்தப் பருத்த சீவல்களுக்கிடையே உள்ள சந்துகள்தான் நீருக்கு வழி. நீர் பட்டதும் அழுத்தத்தில் நசுங்கிக் கிடந்த சீவல்கள் தம் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயல்கின்றன, பசைப்பிடிப்பு விடுபடுகிறது. பிறகு காய்ந்தாலும் பலகை பழைய கனத்துக்கு வருவதில்லை, பழைய வலிமைக்கும் வருவதில்லை. ஈரம் எட்டாத இடத்தில், நான்கு விளிம்பும் மூடப்பட்ட நிலையில், இது நேர்மையாக உழைக்கும் பலகை. புத்தக அலமாரியின் பக்கச் சுவர், எழுதும் மேசையின் உடல், இழுப்பறைப் பெட்டி ஆகியவற்றில் நான் இன்றும் தயங்காமல் இதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் சாதாரண மரத்திருகாணி இதன் விளிம்பில் நிற்காது. தடித்த தண்டும் அகன்ற மரையும் உள்ள கன்ஃபர்மாட் வகைத் திருகாணியோ மரக்குச்சியும் பசையும் சேர்ந்த இணைப்போ வேண்டும். கதவுக் கீலுக்கு 35 மில்லிமீட்டர் விட்டத்தில் 12 மில்லிமீட்டருக்குமேல் ஆழமாகக் குழி தோண்டிய பிறகு மிஞ்சுவது ஐந்தாறு மில்லிமீட்டர்தான் என்பதால், ஒருமுறை கீல் பிய்ந்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி இறுக்குவது வீண். வீடு மாறும்போது கழற்றிப் பூட்ட வேண்டிய சாமானுக்கு இது ஏற்றதல்ல.

ஈரம் தாங்கும் வகை என்று பச்சைநிற உட்பகுதியோடு பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்பும் வருகின்றன. பச்சை என்பது அடையாளத்துக்குச் சேர்த்த சாயம் மட்டுமே. காப்பது பசையும் மெழுகும். இவை சாதாரண வகையைவிட மெதுவாக ஊதும், ஊதாமல் இருக்காது. சாதாரண எம்.டி.எஃப்புக்கான ஐரோப்பியத் தரம்கூட, 18 மில்லிமீட்டர் பலகை 24 மணி நேரம் நீரில் மூழ்கியபின் 12 சதவீதம்வரை தடிப்பதை அனுமதிக்கிறது. அதாவது 2 மில்லிமீட்டருக்குமேல். இழுப்பறை ஓட வேண்டிய இடைவெளியை அது முழுவதும் தின்றுவிடும்.

தட்டுகள் தொய்வதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சீராகப் பரவிய சுமையில், தாங்கிகளுக்கு இடையேயுள்ள நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத் தொய்வு கூடுகிறது. கனத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 60 சென்டிமீட்டர் தட்டை 90 ஆக்கினால், நீளம் ஒன்றரை மடங்குதான், தொய்வோ ஐந்து மடங்கு. 18 மில்லிமீட்டருக்குப் பதில் 25 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகிறது. பலகையின் வகையும் பேசும்: முகவெனீரின் ரேகை தட்டின் நீளவாக்கில் ஓடும்படி வைத்த பிளைவுட், எம்.டி.எஃப்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பானது. பார்ட்டிகிள் போர்டு எம்.டி.எஃப்புக்கும் சற்றுக் கீழே. அதோடு முடிவதில்லை. நார்ப்பலகையும் துகள்பலகையும் சுமையின்கீழ் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மேலும் தொய்ந்துகொண்டே போகும், சுமையை எடுத்தாலும் முழுதாக நிமிராது. பூட்டிய அன்று நேராக இருந்த தட்டு மறு ஆண்டில் தொட்டிலாகத் தெரிவது இதனால்தான். புத்தகம் அடுக்கும் தட்டென்றால், துகள்பலகையில் 60 சென்டிமீட்டருக்குமேல் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால், முன்விளிம்பில் 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரமுள்ள மரச்சட்டம் ஒன்றை நிமிர்த்தி ஒட்டிவிடுங்கள்; விளிம்பையும் மூடும், தொய்வையும் பெருமளவு தடுக்கும்.

ஓ.எஸ்.பி. எனப்படும் சீவல் அடுக்குப் பலகை கூரைக்கும் தரைக்கும் சுவர்ச் சட்டத்துக்கும் உரியது. விரல் நீள மரச்சீவல்களை வெளியடுக்குகளில் நீளவாக்கிலும் நடுவில் குறுக்காகவும் அடுக்கி அழுத்துவதால், கட்டுமானத்தில் பிளைவுட்டின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. அலமாரிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: முகம் கரடு, விளிம்பில் நீர் பட்டால் ஊதி அப்படியே நின்றுவிடும், மேலே ஒட்டியது எதுவாயினும் அந்தப் புடைப்பைக் காட்டும். ஹார்டுபோர்டு, 1924இல் வில்லியம் மேசன் கண்ட முறையில் தொடங்கிய மெல்லிய கெட்டி நார்ப்பலகை, அலமாரியின் முதுகுக்கும் இழுப்பறையின் அடிக்கும் போதுமானது. அதோடு அதன் வேலை முடிந்தது.

படுக்கையறையில் பலகை வேலை செய்பவர்கள் பசையிலிருந்து கசியும் பார்மால்டிஹைடு வாயுவை அலட்சியம் செய்யக் கூடாது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2004இல் இதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. ஐரோப்பாவின் ஈ1 தரம், சோதனை அறையின் ஒரு கனமீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்கிறது. பலகையில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல், எந்தச் சோதனை முறையில் எவ்வளவு என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தரமுள்ள தயாரிப்பாளர் தயங்காமல் தருவார். இதிலும் விளிம்புதான் முதல் எதிரி: லேமினேட் ஒட்டிய முகத்தைவிட மூடாத விளிம்பிலும் துளைகளிலும்தான் வாயு அதிகம் வெளியேறுகிறது. அலமாரியைத் திறந்ததும் கண் கரிக்கிறதென்றால், உள்ளே எங்கோ விளிம்பு திறந்து கிடக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

என் சமையலறை அலமாரியை மறுபடி செய்தபோது கதவுகளுக்கு எம்.டி.எஃப்பும், மேல் அலமாரிகளின் உடலுக்கு நான்கு பக்கமும் எட்ஜ் பேண்ட் போட்ட பார்ட்டிகிள் போர்டும், சிங்குக்குக் கீழ் மட்டும் பீனால் பசைப் பிளைவுட்டும் போட்டேன். அளவுக்கு அறுத்த பிறகு, பூட்டுவதற்கு முன்பே, சுவர்ப்பக்கம் மறையும் பின்விளிம்பு உட்பட எல்லா விளிம்புகளிலும் எபாக்சி பிசின் பூசினேன். குழாய்க்காகப் போட்ட ஓட்டைகளின் உட்சுற்றிலும் தூரிகையை விட்டுப் பூசினேன். பெட்டியைத் தரையில் படாமல் 10 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தினேன். அந்த இணைப்பு இடையில் ஒருமுறை மீண்டும் கசிந்தது, கவனிக்கும் முன் இரண்டு நாள் தண்ணீர் நின்றிருந்தது. துடைத்து, உலரவிட்டு, அதே காலிப்பரைப் பின்விளிம்பில் வைத்துப் பார்த்தேன். 18 மில்லிமீட்டர்.